என் மகளும் அங்கேதான் படிக்கிறாள்

பிப்ரவரி 3

அன்புள்ள மாமாவுக்கு,

நான்கு வருஷமாக ஒலிக்காமல் கிடந்த எங்கள் வாசல் மணி இப்போது அடிக்கிறது. நேற்று வேலை முடிந்து வந்தபோது கதவுக்குப் பக்கத்தில் புது ஸ்விட்ச் இருந்தது. அதைச் சுற்றிச் சுவர் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. சும்மா அழுத்திப் பார்த்தேன். முன்பின் தெரியாத ஒருவர் கதவைத் திறந்து, "யாரைப் பார்க்கணும்?" என்று என்னைக் கேட்டார். அவருக்குப் பின்னால் கூடத்தில் இன்னும் ஏழு பேர், எங்கள் தட்டுகளில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "அவ என் பொண்ணுங்க, உள்ள விடுங்க" என்றாள்.

அம்மா மேயர் தேர்தலில் நிற்கிறாள் என்பது இப்படித்தான் எனக்குத் தெரிந்தது. ஜூன் பத்தாம் தேதி வாக்குப்பதிவு.

உங்கள் முதுகு எப்படி இருக்கிறது? கிரேன் கூண்டில் பத்து மணி நேரம் உட்காரும்போது இடுப்புக்குப் பின்னால் தலையணை வைக்கச் சொன்னேனே, வைக்கிறீர்களா? உங்கள் சுரங்கப்பாதை வேலை முடிய இன்னும் எத்தனை மாதம்? அங்கே போனில் சிக்னல் கிடைப்பதில்லை என்பதில் எனக்கு வருத்தம் இல்லை. போனில் நான் 'உம்' கொட்டுவதோடு சரி. கடிதத்தில்தான் எனக்குப் பேச வருகிறது.

எங்கள் ஊரைப் பற்றி உங்களுக்குத் தெரியும். குப்பையை ஐந்து தொட்டிகளில் பிரித்துப் போடுவார்கள், ஆறாவது தொட்டி வேண்டுமா என்று கூட்டம் கூட்டிப் பேசுவார்கள். மேயர் பதவிக்கு மூன்று பேர் நிற்கிறார்கள். மூவரும் மரம் வேண்டும், சைக்கிள் பாதை வேண்டும், எல்லாரும் சமம் என்கிறார்கள். யார் அதைக் களைப்பில்லாமல் சொல்கிறார்கள் என்பதுதான் போட்டி போலிருக்கிறது. அம்மா ஏற்கெனவே களைத்துவிட்டாள். நேற்று செருப்போடு தூங்கிவிட்டாள். நான்தான் கழற்றினேன்.

சலவைக் கடையில் என்னை அடுத்த மாதம் சட்டை மேசைக்கு மாற்றப்போகிறார்கள். விரிப்பு தேய்க்க யார் வேண்டுமானாலும் போதும், சட்டைக்குக் கை வேண்டும் என்று முதலாளியம்மா சொன்னார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அக்கா மகள்

*

பிப்ரவரி 19

என் வாயில்லாப் பூச்சிக்கு,

மாமா சௌக்கியம். முதுகு மட்டும் தனிக்கட்சி ஆரம்பித்திருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிர்க்கிறது. தலையணை வைத்தேன். அது இப்போது என்னைவிடத் தட்டையாகிவிட்டது.

உன் கடிதத்தை அஞ்சல் லாரி கொண்டுவந்த அன்றே சாப்பாட்டுக் கொட்டகையில் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். எங்க அக்கா மேயர் ஆகப்போறா! "அப்போ நீ யாருய்யா?" என்று மேஸ்திரி கேட்டார். "மேயரோட தம்பி. சம்பளம் இல்லாத பதவி" என்றேன். அன்றைக்கு எனக்கு இரண்டு டீ.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் குறித்துக்கொண்டிருந்தவள் அக்கா. யார் வீட்டுப் பின்கட்டில் குழாய் ஒழுகுகிறது, யார் வீட்டு நாய் கடிக்கும் என்று அவளுக்குத் தெரிந்த மாதிரி இந்த ஊரை யாருக்குத் தெரியும்? கவுன்சிலராக இரண்டு முறை இருந்தாள். இப்போது மேயராகாமல் எப்போது ஆவது?

நீ பக்கத்தில் இரு. நேரத்துக்குச் சாப்பிட வை. சட்டை மேசைக்கு என் வாழ்த்து. நான் ஊருக்கு வரும்போது என் சட்டைகளுக்கு வரிசையில் நிற்கச் சொல்லாதே.

கிரேன் மாமா

*

மார்ச் 8

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? முதுகுக்குச் சூடான மணல் ஒத்தடம் கொடுத்தால் நல்லது என்று கடையில் ஒருவர் சொன்னார். சுரங்கத்தில் மணலுக்கா பஞ்சம்?

இங்கே ஒரு விஷயம் நடந்துவிட்டது. சின்ன விஷயம்தான் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

அம்மாவைப் பற்றி நாற்பதாயிரம் நோட்டீஸ் அச்சடித்து வந்திருக்கிறது. எழுதியவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர், அம்மாவுக்காகத் தானாக வந்து உழைக்கிறவர். அம்மாவின் பழைய பேச்சுகளை எல்லாம் தேடி எடுத்து, நல்ல வரிகளைப் பொறுக்கிச் சேர்த்திருக்கிறார். இரண்டாம் பக்கத்தில் வட்டப் பள்ளியைப் பற்றி வருகிறது. அம்மா முதல் முறை கவுன்சிலராக இருந்தபோது போராடிக் கொண்டுவந்த பள்ளி. பரீட்சை கிடையாது, மதிப்பெண் கிடையாது, பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பேசிப் பேசிப் படிப்பார்கள். அதன் கீழே தடித்த எழுத்தில், அம்மா சொன்னதாக ஒரு வரி: 'என் மகளும் அங்கேதான் படிக்கிறாள்.'

மூன்று வருஷத்துக்கு முந்தைய பேச்சு அது. அப்போது படித்தேன். நான் நின்று இரண்டு வருஷமாகிறது என்று பல் டாக்டருக்கு யாரும் சொல்லவில்லை.

நான் நோட்டீஸை எடுத்துக்கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். படித்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தாள்.

"ஐயோ, இந்த மனுஷன் ஆயுசு பூரா எத்தனை பேருக்கு நல்ல பல்லைப் பிடுங்கினாரோ" என்றாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். ரொம்ப நாளுக்குப் பிறகு சிரித்தோம்.

"மாத்திடலாமாம்மா?"

அம்மா பதில் சொல்வதற்குள் பிரசார மேலாளர் குறுக்கே வந்தார். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் ஸ்டாப்வாட்ச். பேசும்போது ஆளைப் பார்க்க மாட்டார், மணிக்கட்டைத்தான் பார்ப்பார். "நாப்பதாயிரம் மேடம். பாதி போயாச்சு. தப்புன்னு நாமளே சொன்னாத்தான் தப்பு. அந்தப் பள்ளிக்கூடத்தைக் கொண்டுவந்தவங்க பொண்ணே அதுல நிக்கலன்னா, எதிராளிங்க வேற எதையும் பேச மாட்டாங்க. ஜூன் வரைக்கும் அதையேதான் பேசுவாங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு நோட்டீஸைப் பார்த்தாள்.

"அப்புறம் பார்த்துக்கலாம்" என்றாள்.

மாமா, இந்த ஊரில் அப்பா எங்களை விட்டுவிட்டுப் போனதை அம்மா மேடையில் சொன்னால் கைதட்டுகிறார்கள். மீட்டர் குறிக்கப்போய் நாய் கடித்ததைச் சொன்னால் கண் கலங்குகிறார்கள். எதைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்கிற ஊர். என்னைப் பற்றி மட்டும் சொல்ல முடியவில்லை.

நீங்கள் ஒரு வார்த்தை அம்மாவுக்கு எழுதுவீர்களா? உங்கள் பேச்சைக் கேட்பாள்.

உங்கள் அக்கா மகள்

*

மார்ச் 24

என் பூச்சிக்கு,

நலம், நலமறிய ஆவல். மணல் ஒத்தடம் கொடுத்தேன். மணல் சட்டைக்குள் போய் மூன்று நாள் சொறிந்ததில் முதுகுவலி மறந்துவிட்டது. அந்த வைத்தியருக்கு நன்றி சொல்.

இங்கே மழை. சுரங்க வாயில் சரிந்து இரண்டு நாள் வேலை நின்றது. யாருக்கும் அடி இல்லை.

நோட்டீஸை எல்லாம் யாரம்மா இரண்டாம் பக்கம் வரை படிக்கிறார்கள்? வாங்கி மடித்துப் பையில் போட்டு அந்தப் பையோடு துவைத்துவிடுவார்கள். உனக்கே தெரியும், சலவைக் கடைக்காரி நீ.

சட்டை மேசை கிடைத்ததா? அதை எழுதவில்லையே.

கிரேன் மாமா

*

ஏப்ரல் 2

அன்புள்ள மாமாவுக்கு,

சுரங்க வாயில் சரிந்ததைப் படித்துவிட்டுப் பயந்துபோனேன். உள்ளே போகும்போது தலைக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், சூடாக இருக்கிறது என்று கழற்றாதீர்கள்.

இரண்டாம் பக்கம் வரை படிக்கிறார்கள், மாமா. இந்த ஊர்க்காரர்கள் படிக்கிறார்கள்.

போன திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கடைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தேன். எதிர்த்த வீட்டு அம்மா, "என்ன கண்ணு, இன்னிக்கு ஸ்கூல் லீவா?" என்று கேட்டார். தலையாட்டிவிட்டேன். இல்லை என்றுதான் சொல்ல நினைத்தேன். அதற்குள் தலை ஆடிவிட்டது. அன்று சாயங்காலமே அது ஸ்டாப்வாட்ச் காதுக்குப் போய்விட்டது.

அதிலிருந்து காலை எட்டிலிருந்து மூன்று மணி வரை நான் தெருவில் கண்ணில் படக் கூடாது. எட்டு மணிக்குப் புத்தகப் பையோடு வீட்டைவிட்டுக் கிளம்புகிறேன். முதல் நாள் பை வெறுமனே தொங்கியது. "கனம் இருக்கணும், இல்லன்னா பார்த்தாலே தெரியும்" என்று அவர் இரண்டு கட்டு நோட்டீஸை எடுத்து அதற்குள் போட்டார். அதைச் சுமந்துகொண்டு பின்சந்து வழியாகப் பிரசார அலுவலகத்துக்குப் போகிறேன். அங்கே காகிதம் அடுக்கும் அறை ஒன்று இருக்கிறது, ஜன்னல் இல்லை. மூன்று மணி வரை நோட்டீஸ் மடிக்கிறேன். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு. தீர்ந்தால் மறுபடியும் அச்சடிப்பார்களாம். மூன்றாக மடிக்க வேண்டும். அந்த வரி சரியாக இரண்டாவது மடிப்பில் வருகிறது. ஒவ்வொரு முறையும் அதன் மேலேதான் விரலை வைத்து அழுத்த வேண்டியிருக்கிறது.

சட்டை மேசையைப் பற்றிக் கேட்டீர்கள். மூன்று மணிக்கு மேல்தான் வர முடியும் என்று முதலாளியம்மாவிடம் சொன்னேன். காரணம் கேட்டார், சொல்லவில்லை. "பொண்ணே, சட்டை எல்லாம் காலையில போட்டுக்கிட்டுப் போறதுக்கு. சாயங்காலம் வந்து தேய்ச்சா யாரு சட்டை இல்லாம ஆபீஸ் போறது?" என்றார். வேறு ஒருவரைப் போட்டிருக்கிறார். ஜூன் வரை பார்க்கிறேன், அதற்கு மேல் முடியாது என்று சொல்லிவிட்டார்.

நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அம்மா ஜெயித்தால் நான்கு வருஷம். அதுவரைக்கும் நான் மாணவி. இருபத்தொரு வயதில் பையை மாட்டிக்கொண்டு பின்சந்தில் போவேன்.

அம்மாவைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். நேற்று பதினோரு கூட்டம். தொண்டை கட்டி, காற்றுதான் வருகிறது. வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கினாள். தண்ணீர் ஆறும்வரை நானும் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

அம்மாவுக்கு எழுதினீர்களா?

உங்கள் அக்கா மகள்

*

ஏப்ரல் 20

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களிடமிருந்து கடிதம் இல்லை. லாரி வரவில்லையா, உடம்புக்கு ஏதாவதா? நலமாக இருந்தால் இரண்டு வரி போதும்.

எதிர் வேட்பாளர் ஒருவர், மூன்று வேட்பாளர்களும் வட்டப் பள்ளிக்கு வந்து ஒரு காலை பிள்ளைகளோடு உட்கார வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அம்மாவால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. மே ஒன்றாம் தேதி. மேயராக நிற்கிறவர் மகள் அந்த வட்டத்தில் இல்லாமல் எப்படி என்று ஸ்டாப்வாட்ச் கேட்கிறார். பள்ளியின் ஆசிரியை அம்மாவின் பழைய தோழி. "பழைய மாணவியும் மாணவிதானே, ஒரு நாள் வந்து உட்காரட்டும்" என்று ஒத்துக்கொண்டாராம். பிள்ளைகளிடமும் அவரே பேசிக்கொள்கிறாராம்.

நான் பேச வேண்டியது மூன்று வாக்கியம். ஸ்டாப்வாட்ச் எழுதிக் கொடுத்திருக்கிறார். 'இந்தப் பள்ளி எனக்குக் குரல் கொடுத்தது. இங்கே யாரும் யாரையும் அவசரப்படுத்துவதில்லை. இதைக் கொண்டுவந்த என் அம்மாவுக்கு நன்றி.' ஒன்பது நொடிக்குள் சொல்லி முடிக்க வேண்டுமாம்.

மாமா, நான் ஏன் நின்றேன் என்று நீங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. ஒன்றாம் தேதிக்குள் பதில் வருமா?

உங்கள் அக்கா மகள்

*

ஏப்ரல் 23

என் பூச்சிக்கு,

உன் இரண்டாம் தேதிக் கடிதம் நேற்றுதான் கைக்கு வந்தது. பாதை அடைத்துக் கிடந்ததில் லாரி பாதி வழியில் நின்றுவிட்டது. நான் நலம். தலைக்கவசத்தைக் கழற்றுவதில்லை, தூங்கும்போதுகூட.

அக்காவுக்கு எழுத உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்தேன். என்ன எழுதுவது? அப்பா அம்மா போனபோது எனக்குப் பதினொரு வயது, அவளுக்குப் பதினெட்டு. அவளும் படித்துக்கொண்டிருந்தாள். நிறுத்திவிட்டு மீட்டர் குறிக்கப் போனாள். என்னைத் தொழிற்பள்ளியில் சேர்த்தாள். இன்றைக்கு நான் இத்தனை உயரத்தில் உட்கார்ந்து முப்பது டன் இரும்பைத் தூக்குகிறேன் என்றால், அவள் தெருத்தெருவாக நடந்ததால்தான். அவளைப் பார்த்து, நீ செய்வது தப்பு என்று நான் எந்தக் கையால் எழுதுவது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொள்ள முடியவில்லை. நானும் இங்கே அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறேன். போன வருஷம் மேஸ்திரி தன் மகள் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார். "எங்க அக்கா பொண்ணும் படிக்கிறா" என்று வாயில் வந்துவிட்டது. அப்புறம் நிறுத்த முடியவில்லை. போன வாரம் அவர், "பொண்ணு பரீட்சைக்கு" என்று ஒரு பேனா வாங்கிக் கொடுத்தார். அந்தப் பள்ளியில் பரீட்சையே கிடையாது என்று எப்படி விளக்குவது? வாங்கி வைத்திருக்கிறேன்.

சலவைக் கடையில் வேலை செய்வது கேவலம் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் சொல்லவும் இல்லை. என்னை மன்னித்துக்கொள்.

கொஞ்ச நாள்தான். அக்கா சொல்கிறபடி கேள். அவளுக்கு இதைவிட்டால் வேறு ஒன்றும் இல்லை.

மாமா

*

மே 5

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் முப்பதாம் தேதி வந்தது. வட்டத்துக்கு முந்தைய நாள். நான் உங்கள் மேல் கோபமாக இல்லை. அந்தப் பேனாவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். முதுகு எப்படி இருக்கிறது?

வட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

அங்கே ஒரு நூல் பந்து இருக்கும். யார் கையில் பந்து இருக்கிறதோ அவர் பேச வேண்டும். பேசி முடித்துப் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். கையிலிருந்து யாரும் பிடுங்க மாட்டார்கள். பேச வராவிட்டால் ஆசிரியை சிரித்த முகத்தோடு, "நாங்க காத்திருக்கோம்" என்பார். எல்லாரும் காத்திருப்பார்கள். யாரும் கேலி செய்ய மாட்டார்கள். இருபத்துநான்கு முகமும் அன்பாக என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு நாள் காலையும். நான் படித்த கடைசி நாள் பதினோரு நிமிஷம் காத்திருந்தார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், மாமா. பரீட்சை வைத்திருந்தால் எழுதியிருப்பேன். இதனால்தான் நின்றேன். அம்மாவிடம் அன்றைக்கே சொன்னேன். பிள்ளைகள் யாரும் பயப்படக் கூடாது என்று அம்மா பார்த்துப் பார்த்துக் கட்டிய பள்ளி. கேட்டுவிட்டு "சரி" என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பேசியதே இல்லை.

ஒன்றாம் தேதி என்னை அம்மாவுக்கு எதிரில் உட்கார வைத்தார்கள். கேமராக்கள் இருந்தன. பந்து வந்தது. மூன்று வாக்கியமும் எனக்கு மனப்பாடம். முதல் எழுத்துகூட வரவில்லை. ஆசிரியை, "நாங்க காத்திருக்கோம்" என்றார். எல்லாரும் காத்திருந்தார்கள். அம்மாவும். வியர்வையில் பந்து நனைந்துவிட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஸ்டாப்வாட்சுக்குத் தெரிந்திருக்கும்.

அப்போது அம்மா எழுந்தாள். என்னிடம் வந்து பந்தை வாங்கிக்கொள்வாள் என்று நினைத்தேன். கேமராக்கள் பக்கம் திரும்பி, அந்தக் கட்டிய தொண்டையோடு சொன்னாள்: "பார்த்தீங்களா? இங்க பேசாம இருக்கறவங்களுக்கும் இடம் இருக்கு. என் பொண்ணு பேச மாட்டா. ஆனா தினமும் வந்து உக்காருவா. அவளை யாரும் வெளியே அனுப்பல."

எல்லாரும் கைதட்டினார்கள். எதிர் வேட்பாளர்களும் தட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதிலிருந்து ஊரெல்லாம் அதுதான் பேச்சு. அம்மா முன்னால் போய்விட்டாளாம். ஸ்டாப்வாட்ச் என்னிடம் வந்து, "நீ பேசியிருந்தா ஒன்பது நொடி. பேசாததால ஒன்பது நாளைக்குப் போதும்" என்றார். பாராட்டித்தான் சொன்னார்.

வீட்டுக்கு வரும் வழியில் காரில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கோவமாடி?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். என் தலைக்கு வேறு வேலை தெரியாது.

உங்கள் அக்கா மகள்

*

மே 22

என் பூச்சிக்கு,

நலம். முதுகைப் பற்றி எழுத இன்றைக்கு மனம் இல்லை.

உன் கடிதத்தை நாலைந்து தரம் படித்தேன். கிரேன் மேலே வைத்துப் படித்தேன், கீழேயிருந்து கத்துகிறார்கள், காதில் விழவில்லை. உனக்கு உடம்புக்கு முடியாமல் பள்ளியை நிறுத்தியதாகத்தான் அக்கா எனக்கு எழுதியிருந்தாள். இரத்தம் குறைவு என்று. நானும் பேரீச்சம்பழம் சாப்பிடச் சொல்லி எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா? நீ பதில் எழுதவில்லை.

இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. எப்படியாவது தள்ளிவிடு. அதற்குப் பிறகு நான் லீவு போட்டு வருகிறேன், மூன்று பேரும் உட்கார்ந்து பேசுவோம். மூன்று பேரில் யார் பேசுவது என்பது வேறு விஷயம்.

மாமா

*

ஜூன் 4

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் நலமா? அம்மாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடிதத்தின் கடைசி வரை தேடுவீர்கள். அம்மா நலம். தூங்குகிறாள். நாளைக் காலை பத்து மணிக்குச் செய்தியாளர்களை வரச் சொல்லியிருக்கிறாள், நடந்ததை அவளே சொல்லப்போகிறாள். ஜெயிப்பாளா என்று தெரியவில்லை. ஸ்டாப்வாட்ச் போய்விட்டார். பல் டாக்டர் மட்டும் சாயங்காலம் வரை இருந்து, தன்னால்தான் எல்லாம் என்று அழுதார். அம்மா அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

பத்தொன்பது நாள் தள்ளச் சொன்னீர்கள். பதின்மூன்று நாள் தள்ளினேன்.

காலையில் நான் காகித அறையில் மடித்துக்கொண்டிருந்தேன். பத்தரை மணி இருக்கும். பேருந்து ஓட்டுகிற அம்மா ஒருவர், காக்கிச் சட்டையோடு, ஓய்வு நேரத்தில் வந்திருந்தார். வேட்பாளரைப் பார்க்க வேண்டும் என்றார். ஸ்டாப்வாட்ச் அவருக்கு ஐந்து நிமிஷம் கொடுத்தார். என் அறைக் கதவு சரியாகச் சாத்தாது. எல்லாம் கேட்டது.

"நன்றி சொல்லணும்னு வந்தேங்க" என்றார் அவர். "என் பொண்ணுக்குப் பதினோரு வயசு. உங்க பள்ளிக்கூடத்துலதான் சேர்த்தேன். ஒரு வருஷமா அந்தப் பந்தைக் கையில வாங்கிட்டு வாயத் திறக்க மாட்டேங்கறா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா வாந்தி. வேண்டாம்டி, நின்னுக்கோன்னு சொல்ல இருந்தேன். அப்பதான் உங்க பொண்ணை டிவியில பார்த்தேன். பெரிய பிள்ளைங்க வேற கட்டடமாம், இவ பார்த்ததே இல்ல. இவகிட்ட சொன்னேன், பாரு, அந்த அக்கா பேசாமலே பன்னெண்டாவது வரைக்கும் வந்துட்டா, உனக்கென்னடி கேடுன்னு. இப்ப தினமும் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் விட்டுட்டு வர்றேன்."

"இப்ப எப்படி இருக்கா?" அம்மாவின் குரல்.

"அழறதில்ல. அங்கயும் பேசறதில்ல, வீட்லயும் பேசறதில்ல. போகப் போகச் சரியாயிடும். எங்க டெப்போவுல முப்பது ஓட்டு, அத்தனையும் உங்களுக்குத்தான்."

அம்மா, "ரொம்ப சந்தோஷம்" என்றாள். ஒவ்வொரு நாளும் நூறு பேரிடம் சொல்கிற அதே மாதிரி.

நான் வெளியே போனேன்.

"நான் அங்க படிக்கலைங்க" என்றேன். எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "என்னால முடியல. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே நின்னுட்டேன். சலவைக் கடையில வேலை செய்யறேன்."

அவர் என்னையும் என் கையிலிருந்த நோட்டீஸையும் பார்த்தார். "அப்ப அன்னிக்கு உக்காந்திருந்தது?"

"உக்கார வெச்சாங்க."

ஸ்டாப்வாட்ச் முன்னால் வந்தார். "பாப்பாவுக்கு ரெண்டு நாளா தூக்கம் இல்லைங்க, என்ன பேசறோம்னு..."

"அவ சொல்றது நிஜம்" என்றாள் அம்மா.

சொல்லிவிட்டுப் பக்கத்திலிருந்த நோட்டீஸ் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள். ஓட்டுநர் அம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். "எம் பொண்ணை இழுத்துட்டுப் போனேனே" என்று மட்டும் சொன்னார். "ஒரு மாசமா. கையப் பிடிச்சு இழுத்துட்டு." பிறகு சட்டையைச் சரிசெய்துகொண்டார். "பதினொன்னு பத்துக்கு வண்டி எடுக்கணும்."

வாசல் வரை போய்த் திரும்பினார். என்னைப் பார்த்துக் கேட்டார்: "இன்னிக்கு அவளுக்குக் காய்ச்சல். டெப்போ ரூம்ல படுக்க வெச்சிருக்கேன். நீ வந்து அவகிட்ட சொல்றியா? நான் சொன்னா நம்ப மாட்டா."

"என்ன சொல்லணும்?"

"எனக்கென்ன தெரியும்? இப்ப என்கிட்ட சொன்னியே, அது."

நான் அம்மாவைப் பார்த்தேன். இன்னும் ஆறு நாள்தான் என்று சொல்லலாம். பகல் பதினோரு மணிக்கு வெளியே போகாதே என்று சொல்லலாம். அம்மா தலையை நிமிர்த்தினாள்.

"சாப்பிட்டியா?" என்றாள். குரலே இல்லை, உதடுதான் அசைந்தது.

"வந்து சாப்பிடறேன்."

டெப்போவுக்குப் போகும் பேருந்தில், ஓட்டுநருக்குப் பின் இருக்கையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெரிய கண்ணாடி ஜன்னல். கடைத்தெரு வழியாகத்தான் போனது. யார் யார் பார்த்தார்கள் என்று நான் கவனிக்கவில்லை.

டெப்போவில் ஓட்டுநர்கள் படுக்கும் அறை சின்னது. நான்கு கட்டில், ஒன்றில் மட்டும் ஆள். சிறுமி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். பள்ளிச் சீருடையைக்கூடக் கழற்றவில்லை. அவள் அம்மா, "யாரு வந்திருக்கா பாரு" என்றார். அவள் திரும்பவில்லை. தோள் மட்டும் இறுகியது. அவருக்கு வண்டிக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டார்.

நான் கதவைச் சாத்தினேன். கட்டிலுக்குப் பக்கத்தில், என் முகத்தை அவளும் அவள் முகத்தை நானும் பார்க்க முடியாதபடி, அவளுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தேன். பிறகு சொல்ல ஆரம்பித்தேன்.